கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்குப் போனவள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன். கணக்குப் படிப்பித்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு 26 வயது. உயர்தரத்தில் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் கணக்குக்குப் பயந்துதான் கலைப்பிரிவுக்குப் போனேன். சாதாரண தரத்தில் கணக்குக்கு சி. இப்போது ஒரு நுண்கடன் கம்பனியில் கள உத்தியோகத்தராக வேலை. கனடாவில் இருக்கும் அண்ணா காசு கட்டி, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒன்லைனில் வணிகப் படிப்புக்குச் சேர்த்துவிட்டார். முதல் தவணையிலேயே 'வணிகத்துக்கும் சமூக விஞ்ஞானத்துக்குமான கல்லூரிக் கணிதம்' கட்டாயமாம். இப்போது ஐந்தாம் கிழமை. வீடியோ பார்க்கும்போது எல்லாம் விளங்குகிறது. சோதனைக்கு இருந்தால் கை ஓடவில்லை. கடைசிச் சோதனையில் பத்துக்கு மூன்று. கூட வேலை செய்யும் ஒருவர், காசு கொடுத்தால் முழு வகுப்பையும் ஆள்வைத்துச் செய்து தருவார்கள் என்கிறார். அல்லது விட்டுவிடவா? அண்ணாவின் காசை நினைத்தால் நித்திரை வரவில்லை. வியாபாரத்துக்கும் சமூகத்துக்கும் எதற்கு ரீச்சர் இந்தத் தாயமும் (எண்களை அட்டவணையாக அடுக்குவது) சமனிலியும் (இதற்கு மேலே போகக்கூடாது என்று எழுதுவது)?

வாசகி, கோண்டாவில்


அன்புள்ள பிள்ளைக்கு,

ஆள்வைக்கும் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். பிடிபட்டால் வகுப்பில் சித்தியில்லை என்று போடுவார்கள், கல்லூரியை விட்டே அனுப்பவும் கூடும். உங்கள் கடவுச்சொல்லை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், அதைவைத்து அவர் பிறகு மிரட்டிக் காசு கேட்கவும் வழியிருக்கிறது. இந்த இரண்டையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. நுண்கடன் கம்பனியில் கள உத்தியோகத்தர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வகுப்பு உங்களைவிடத் தேவையான ஒருவரை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

ஒரு கடனை எடுப்போம். ஒரு இலட்சம் ரூபா, 12 மாதம், ஆண்டுக்கு 24 வீதம், தட்டை வட்டி, அதாவது கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி. வட்டி 24,000. முதலோடு சேர்த்து 124,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 10,333 ரூபா. கையெழுத்து வைக்கும் அக்கா "நூற்றுக்கு 24" என்றுதான் நினைத்துக்கொண்டு போவார். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், உங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுதான்.

இப்போது கடைசி மாதத்தை மட்டும் பாருங்கள். தவணையில் 8,333 முதல், 2,000 வட்டி. அந்த மாதம் அவரிடம் மிச்சமிருக்கும் கடன் வெறும் 8,333 ரூபா. அதற்கு ஒரே மாதத்தில் 2,000 ரூபா வட்டி. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நூற்றுக்கு 24! ஒரு இலட்சத்துக்கு வைத்த வட்டியை, இலட்சம் கையில் இல்லாத மாதங்களுக்கும் அப்படியே அறவிடுகிறார்கள்.

கடன் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மாதம் 10,333 வீதம் 12 மாதத்தில் ஒரு இலட்சம் தீர்வதற்கு வட்டி என்ன என்று தேடினால், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 3.5 வீதம் வரும். ஆண்டுக்கு 42 வீதத்தை ஒட்டுகிறது. உண்மையாகவே 24 வீதம் என்றால் தவணை 9,456 ரூபாவாகத்தான் இருந்திருக்கும், மொத்த வட்டி 13,500ஐத் தாண்டாது. வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல். வெங்காயம் ஆயப் போகும் ஒரு பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். 2018ல் வடக்கில் நுண்கடன் எத்தனை வீடுகளை ஆட்டிப்போட்டது என்பது நாங்கள் கண்ணால் கண்டது. அரசு வட்டிக்கு உச்சவரம்பு வைக்கவும் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யவும் வேண்டி வந்தது.

இந்தக் கணக்கு உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. நிதிக் கணிதம் என்ற பகுதியில் கூட்டு வட்டிக்குப் பிறகு தவணைக் கொடுப்பனவு என்று வரும். அதை இன்னொருவர் செய்து, அந்தச் சான்றிதழ் உங்கள் பெயரில் வந்து என்ன பிரயோசனம்? அடுத்த கிழமையும் அந்த அக்காமாருக்கு முன்னால் கடன் அட்டையோடு போய் நிற்கப் போவது நீங்கள்தானே.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். "பார்க்கும்போது விளங்குகிறது, சோதனையில் கை ஓடவில்லை" என்று எழுதியிருந்ததை வாசித்ததும் எனக்கு 2020 ஊரடங்கு ஞாபகம் வந்தது. அப்போது நானும் ஒன்லைனில் ஒரு புள்ளிவிபரவியல் வகுப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு இரவும் தேத்தண்ணியோடு இருந்து வீடியோ பார்த்தேன். எல்லாம் விளங்கியது. ஒரு வரி எழுதவில்லை. முதல் சோதனையில் பாதிப் புள்ளிகூட வரவில்லை. இருபது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கே அந்த நிலை என்றால், உங்கள் மூன்று புள்ளியில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஏன் அப்படி நடக்கிறது என்று பிறகு யோசித்தேன். கணக்கில் கடினமான வேலை கூட்டுவதும் பெருக்குவதும் கிடையாது. எதை எக்ஸ் என்று வைப்பது, எந்த வசனத்தை எந்தச் சமன்பாடாக எழுதுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் கடினம். வீடியோவில் இருக்கும் ஆசிரியர் அந்த முடிவெல்லாம் எடுத்துவிடுகிறார். மிச்சம் வருவது கூட்டலும் பெருக்கலும். அது எல்லோருக்கும் விளங்கும். எங்கள் ரியூசன் கொட்டில்களிலும் இதுதான் நடந்தது. சேர் பலகையில் செய்வார், முன்னூறு பிள்ளைகள் பார்த்து எழுதும், வீட்டுக்குப் போய்க் கேள்வியை எடுத்தால் தொடங்கத் தெரியாது.

ஆகவே கேள்வி திரையில் வந்த உடனே வீடியோவை நிறுத்துங்கள். ஒரு சதுர றூள் கொப்பி வாங்குங்கள். கேள்வியைத் தமிழில் ஒரு வசனமாக எழுதுங்கள். எக்ஸ் என்றால் என்ன, அதன் அலகு என்ன என்று எழுதுங்கள். பத்து நிமிடம் முயன்றும் ஓடாவிட்டால் வீடியோவை அரை நிமிடம் ஓடவிட்டு மறுபடியும் நிறுத்துங்கள். ஒரு மணித்தியாலத்தில் மூன்று கணக்குத்தான் முடியும். பரவாயில்லை.

சமனிலி எதற்கு என்று கேட்டீர்கள். கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் 8 பரப்புக் காணி இருக்கிறது என்று வையுங்கள். வெங்காயமும் மிளகாயும் வைக்கப் போகிறார். ஒரு முறை இறைக்க, வெங்காயத்துக்குப் பரப்புக்கு 2 மணித்தியாலம், மிளகாய்க்கு 1 மணித்தியாலம். கிணறு வற்றாமல் 12 மணித்தியாலம்தான் இறைக்கலாம். இலாபம் வெங்காயத்தில் பரப்புக்கு 30,000, மிளகாயில் 20,000. (எண்களைக் கணக்குக்காக நான் வைத்தேன், சந்தை விலை என்று எடுத்துவிடாதீர்கள்.) வெங்காயம் எக்ஸ் பரப்பு, மிளகாய் வை பரப்பு. காணியைப் பற்றி ஒரு சமனிலி: எக்ஸும் வையும் கூட்டினால் 8க்கு மேலே போகக்கூடாது. தண்ணீரைப் பற்றி இன்னொன்று: இரண்டு எக்ஸும் வையும் கூட்டினால் 12க்கு மேலே போகக்கூடாது.

இரண்டு கோட்டையும் கொப்பியில் கீறுங்கள். கோடுகளுக்குக் கீழே ஒரு நாற்பக்கல் வரும். அவரால் செய்யக்கூடியதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆகக்கூடிய இலாபம் எப்போதும் ஏதாவதொரு மூலையில் கிடைக்கும் என்பதுதான் இந்தப் பகுதியின் அழகு. எல்லாம் மிளகாய் என்றால் 160,000. தண்ணீர் உள்ள மட்டும் வெங்காயம் என்றால் 6 பரப்பு, 180,000. இரண்டு கோடும் வெட்டும் மூலையில் 4 பரப்பு வெங்காயம், 4 பரப்பு மிளகாய், 200,000. பரப்புக்குக் கூட இலாபம் தருவது வெங்காயம்தான், ஆனால் தண்ணீர் அதைக் கட்டிப்போடுகிறது. இரண்டு பயிர் என்றால் கொப்பியில் கீறலாம். இருநூறு பொருள், முந்நூறு கட்டுப்பாடு என்று வந்தால் கீற முடியாது. அப்படியானவற்றுக்கு மூலைக்கு மூலை நகரும் ஒரு முறையை ஜோர்ஜ் டான்சிக் 1947ல் கண்டுபிடித்தார். உங்கள் பாடத்தில் சிம்பிளெக்ஸ் என்று வருவது அதுதான். அங்கேதான் தாயம் கைக்கு வருகிறது, ஒரு பெரிய அட்டவணையை ஒரே பொருளாகக் கையாள.

சமூகத்துக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு என்பதற்குத் தமிழ் படித்த உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நிகழ்தகவுப் பகுதியின் கடைசியில் மார்க்கோவ் சங்கிலி என்று ஒன்று வரும், இப்போதைய நிலையை வைத்து அடுத்தது என்னவாகலாம் என்று கணிப்பது. ஆந்திரே மார்க்கோவ் ரஷ்யக் கணிதர். 1913ல் ரஷ்யக் கவிஞர் பூஷ்கினின் செய்யுள் நாவல் ஒன்றை எடுத்து, அதன் முதல் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்குப் பின் உயிர் எத்தனை தடவை வருகிறது, மெய்க்குப் பின் உயிர் எத்தனை தடவை வருகிறது என்றும் எண்ணினார். எங்கள் நன்னூலில் மெய்ம்மயக்கம் படித்திருப்பீர்கள், எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் நிற்கலாம் என்று. அது விதி. மார்க்கோவ் கேட்டது, நிற்பது எவ்வளவு அடிக்கடி என்று. இப்படி எதற்குப் பின் எது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று போடும் அட்டவணையை வைத்துத்தான் இன்று, ஒரு போன் கம்பனியின் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் மற்றக் கம்பனிக்கு மாறுவார்கள், கிராமத்திலிருந்து எத்தனை பேர் நகரத்துக்குப் போவார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நன்னூல் படித்த மூளைக்கு இது அந்நியமான பாடமே இல்லை.

மொழிப் பிரச்சினையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அது கட்டாயம் இருக்கும். உங்கள் ஆசிரியர் மற்றிக்ஸ் என்பது நீங்கள் பத்தாம் பதினோராம் வகுப்பில் படித்த தாயம். பங்சன் என்பது சார்பு. செற் என்பது தொடை. ஸ்லோப் என்பது படித்திறன். புறோபபிலிற்றி என்பது நிகழ்தகவு. பாதிப் பாடத்தை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள், பெயர்தான் வேறு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதினோராம் தரக் கணிதப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் இறக்கி, ஒரே அத்தியாயத்தை அருகருகே வைத்து வாசியுங்கள். இதைவிட நல்ல அகராதி எனக்குத் தெரியாது. அதற்குமேல் தேவைப்பட்டால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையப் பாடப்புத்தகங்களும் கான் அகடமியின் வீடியோப் பாடங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை.

சில்லறை விஷயங்களிலும் புள்ளி போகும். வட்டிக் கணக்கில் இடையில் எண்ணைச் சுருக்காதீர்கள். ஆண்டுக்கு 7 வீதத்தை 12ஆல் பிரித்து 0.006 என்று போட்டால் விடை தப்பும், கொம்பியூட்டர் இரக்கம் பார்க்காது. பின்னத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் அடைப்புக்குள் போடுங்கள். கல்லூரி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால், அவர்களுடைய இரவு 11.59 கோடைகாலத்தில் எங்களுக்கு அடுத்த நாள் காலை 9.29. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 10.29. வேலைக்குப் போகும் அவசரத்தில் அந்தக் காலையை நம்பாமல் முதல்நாள் இரவே அனுப்பிவிடுங்கள்.

விட்டுவிடவா என்ற கேள்விக்கு என் பதில்: இன்னும் மூன்று கிழமை கொப்பியோடு இருந்து பாருங்கள். அதற்கு முன், புள்ளி அறிக்கையில் சித்தியின்மை விழாமல் விலகக்கூடிய கடைசித் திகதி எது என்று கல்லூரிக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். அந்தத் திகதி வரைக்கும் பயப்பட ஒன்றும் இல்லை. ஆசிரியர் மாணவர்களுக்கென்று ஒதுக்கும் நேரம் ஒன்று அட்டவணையில் இருக்கும், சூமில் போய்க் கேளுங்கள். ஆங்கிலம் தட்டுப்பட்டாலும் கொப்பியைக் கமராவுக்குக் காட்டினால் அவருக்கு விளங்கும். அண்ணாவுக்கும் பத்துக்கு மூன்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நித்திரை வராததில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தோட்டக் கணக்கில் தண்ணீரை 12இலிருந்து 14 மணித்தியாலமாகக் கூட்டி, மூலை எங்கே நகர்கிறது, இலாபம் எவ்வளவு கூடுகிறது என்று கொப்பியில் செய்து படம் எடுத்து அனுப்புங்கள். பிழையென்றாலும் அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வரலாம். வரும்போது உங்கள் கம்பனிக் கடன் அட்டை ஒன்றின் எண்களை, ஆளின் பெயர் இல்லாமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தவணை கிழமைக்கொருக்காக் கட்டுவது என்றால் 12 மாதத்துக்குப் பதிலாக 52 கிழமை வரும். அந்தக் கணக்கை இரண்டு பேருமாகச் செய்வோம்.

அன்புடன்,
ரீச்சர்