மகளைத் தில்லிக்குப் படிக்க அனுப்பிய அப்பா

கேள்வி: தொழிலிலும் பெரிய ஆளாக வந்து, குடும்பத்தின் மீதும் உயிராக இருந்த ஒரு தொழிலதிபரை நினைவுகூர்ந்து எழுத முடியுமா?

எனக்கு உடனே மனதில் வருபவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரர். நான் திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டிக்காரன். எங்கள் வீட்டுக்கும் அவர் குடும்பத்துக்கும் நேரடியாக எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் எங்கள் அம்மாச்சியின் வாழ்க்கை திசை திரும்பியதற்கு, அவர் தன் வீட்டுக்குள் எடுத்த ஒரு முடிவும் காரணம் என்று நான் நம்புகிறேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

தொழில் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, பேங்க் வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 1911-இல் மதுரையில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். மாட்டு வண்டிதான் போக்குவரத்து என்றிருந்த காலத்தில் நேரம் தவறாமல் பஸ் ஓட்டினார். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துத்தான் கடிகாரத்தில் மணியைச் சரி செய்வோம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகள் நின்றுவிடக் கூடாது என்று கரியிலிருந்து வாயு எடுத்து ஓட்டும் கருவியைத் தன் பட்டறையிலேயே செய்தார். சதர்ன் ரோட்வேஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கிளைகள் வளர்ந்தன.

நிறுவனத்தின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ். ஐந்து மகன்கள் அவருக்கு. மகன்களைத் தொழிலுக்குள் கொண்டுவந்து, தன் காலத்திலேயே பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1955-இல் கொடைக்கானலில் காலமானார். அதற்குப் பிறகும் அந்தக் குடும்பம் பல பத்தாண்டுகள் ஒரே குடைக்குக் கீழ்தான் இருந்தது. கிளைகள் முறைப்படி பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டதே 2020 டிசம்பரில்தான்.

சரி, மகன்களுக்குத் தொழிலைக் கொடுத்த அப்பாக்கள் நிறைய பேர் உண்டு. எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது அந்த 'சன்ஸ்' என்ற சொல்லுக்குள் வராத ஒருத்தியால்.

மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். 1925-இல் அவர் இறந்துவிட்டார். அப்போது சௌந்தரத்துக்கு இருபது இருபத்தொரு வயது. அந்தக் காலத்தில், அதுவும் ஆசாரமான குடும்பத்தில், கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன விதித்திருந்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது, வாசலுக்கு வரக் கூடாது, பின்கட்டோடு சரி. மதுரையில் பேர் பெற்ற மனிதர், நாலு பேர் வாயில் விழுந்தால் தொழிலுக்கும் இடைஞ்சல்தான். ஆனாலும் அவர் மகளைப் படிக்க வைத்தார். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். மதுரையிலிருந்து தில்லிக்கு நாள்கணக்கில் ரயில் பயணம். 1936-இல் சௌந்தரம் டாக்டராகப் பட்டம் வாங்கினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தில்லியில் காந்தியின் தொடர்பு கிடைத்து, காந்தியின் சீடரான கேரளத்துக்காரர் ஜி.ராமச்சந்திரனை மணக்க சௌந்தரம் விரும்பியபோது, பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஒரு வருடம் பிரிந்து இருங்கள், அப்புறமும் மனம் மாறவில்லை என்றால் பார்க்கலாம் என்றார் காந்தி. மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தி முன்னிலையில் சேவாகிராமத்தில் கல்யாணம் நடந்தது. மகளைத் தில்லி வரை அனுப்பிய அப்பாவுக்கு அந்த அடுத்த படியில் கால் தயங்கியிருக்கிறது. இதனால் அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. பழைய கட்டுகளுக்குள் வளர்ந்த ஒரு மனிதர், அதிலே ஒரு பெரிய கட்டை மகளுக்காக அறுத்தார். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது இந்தத் தயக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அந்த மகளும் மருமகனும் 1947-இல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கியதுதான் காந்திகிராமம் என்ற கிராம சேவை நிறுவனம். கஸ்தூர்பா மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எங்கள் அம்மா பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்.

அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போதே தாத்தா போய்விட்டார். அம்மாச்சிக்கு 22 வயது. தறி வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அவருடைய அப்பா சோறு போட்டார், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினார். ஆனால் தெருவுக்கு அனுப்பவில்லை. இரண்டு வருடம் அம்மாச்சி அடுப்படியும் கொல்லையுமாகவே இருந்தார். அப்புறம் காந்திகிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிப் பேசி, அரை மனதாகச் சம்மதம் வாங்கினார்.

சித்த மருந்து தயாரிக்கும் இடத்தில் வேலை. லேகியத்தை எடை போட்டு டப்பாவில் அடைக்க வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாச்சியின் விரல்களில் சுக்கும் திப்பிலியும் மணக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நக இடுக்கில் அந்த மணம் போகாது. சாதம் பிசைந்து ஊட்டும்போது ரசத்தில் கூட அது வரும். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா டீச்சருக்குப் படித்தார்.

அம்மாச்சிக்கு சுந்தரம் ஐயங்கார் பெயரே தெரியாது. டி.வி.எஸ். என்றால் பஸ், லாரி, அவ்வளவுதான். "டாக்டரம்மா" என்றால் மட்டும் முகம் மலரும். அவர் சாவதற்கு முந்தைய வருடம், ஒரு மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். டாக்டரம்மாவும் சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர் என்பது அவருக்குத் தெரியும். படிக்க அனுப்பியது யார் என்பது தெரியாது.

"அவுங்கப்பாவா அனுப்புனாரு?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எங்கய்யாவும் நல்லவருதான்டா தம்பி. ஊருக்குப் பயந்துட்டாரு" என்றார்.