தாலிக்கொடியை அடைவு வைச்சு தெரபி செய்யோணுமோ?

கேள்வி: அக்கா, மகனுக்கு நாலு வயசு, இன்னும் கதைக்கிறானில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புறானில்லை. ஓட்டிசம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். கனடாவில இருக்கிற அண்ணா ஏபிஏ எண்ட நடத்தைப் பயிற்சித் தெரபிதான் செய்யோணும், அதுவும் கிழமைக்கு 40 மணித்தியாலம் எண்டுறார். ஒன்லைனில செய்து தாறம் எண்டு ஒருத்தர் கேக்கிற காசுக்கு தாலிக்கொடியைத்தான் அடைவு வைக்கோணும். இவன் என்னை கிணத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் மோட்டரைப் போடச்சொல்லி நிப்பான், போடாட்டி கையைக் கடிச்சு புண்ணாக்கிறான். என்ன செய்யிறது?
- ஒரு அம்மா, விசுவமடு

பதில்: தங்கச்சி, கொடியை அடைவு வைக்காதேங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

அந்த 40 மணித்தியாலம் எங்கயிருந்து வந்ததெண்டா, அமெரிக்காவில லோவாஸ் எண்ட பேராசிரியர் 1987ல எழுதின ஆய்வில இருந்து. 19 பிள்ளையளுக்கு ரெண்டு வருசத்துக்கு மேல தனித்தனியா ஆள் வைச்சுப் படிப்பிச்சவை, அதில 9 பேர் சாதாரண வகுப்புக்குப் போற அளவுக்கு வந்திட்டினம் எண்டு எழுதினார். ஆனா ஆருக்கு முழுப் பயிற்சி எண்டு பிள்ளையளை குலுக்கல் போட்டுப் பிரிக்கேல்லை, அதால அந்த முடிவை அப்பிடியே நம்பேலாது; சத்தம்போட்டு வெருட்டுறதும் தொடையில அடிக்கிறதும் கூட அந்த முறைக்குள்ள இருந்தது, இதை ஒருத்தரும் விளம்பரத்தில சொல்லமாட்டினம். 2024ல நிறைய ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்துப் பாத்தவை, மணித்தியாலம் கூடினா பலனும் கூடும் எண்டதுக்கு உறுதியான ஆதாரம் காணேல்லை. அண்ணா நல்லதுக்குத்தான் சொல்றார், ஒன்ராறியோ மாதிரி இடங்களில இதுக்கு அரசாங்கமே காசு குடுக்குது, இஞ்ச அப்பிடி இல்லை.

அதுக்காக ஏபிஏ முழுக்கப் பிழையெண்டு சொல்லமாட்டன். ஒரு செய்கைக்கு முன்னால என்ன நடந்தது, பின்னால அவனுக்கு என்ன கிடைச்சது எண்டு பாக்கிறதுதான் அதின்ர அடிப்படை, அது வீட்டில உங்களாலயும் ஏலும். உங்கட மகன் கடிக்கிறது குழப்படி இல்லை, மோட்டரைப் போடுங்கோ எண்டு கேக்கிறான், கேக்க வேற வழி அவனிட்ட இல்லை. அந்த வழியைக் குடுத்தா கடி குறையும் எண்டு 1985ல இருந்தே ஆய்வுகள் காட்டியிருக்கு.

மோட்டரை போனில படமெடுத்து பிரிண்ட் போட்டு மட்டையில ஒட்டுங்கோ. நீங்கள் முன்னுக்கு இருங்கோ, அம்மம்மா பின்னுக்கு இருந்து ஒண்டும் கதைக்காம அவன்ர கையைப் பிடிச்சு மட்டையை எடுத்து உங்கட கையில வைக்கப் பண்ணட்டும், வைச்ச உடன "மோட்டர்" எண்டு சொல்லிக்கொண்டே போட்டுவிடுங்கோ, ஒரு நிமிசம் ஓடினாக் காணும். தொடக்கத்தில ஒவ்வொரு முறையும் உடன போடோணும், கடிச்சாப் பிறகு போடவே கூடாது, ரெண்டையும் கலந்தா அவன் குழம்பிப் போவான். அம்மம்மா மெல்ல மெல்லக் கையை விடோணும். பிறகு "வேண்டாம்" எண்டதுக்கும் ஒரு மட்டை குடுங்கோ, அது கேக்கிறதை விட முக்கியம் எண்டு நான் நினைக்கிறன். படத்தைக் காட்டினா கதைக்கப் பஞ்சிப்படுவான் எண்டு சொல்லுவினம், அப்பிடி இல்லை. கிணத்துக்குக் கட்டில்லாட்டி இண்டைக்கே மூடுங்கோ, ஓட்டிசப் பிள்ளையளுக்கு தண்ணி பெரிய ஆபத்து.

எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீஸில இல்லாட்டி கிளினிக் டொக்டரிட்ட காது டெஸ்டுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் கடிதம் கேளுங்கோ, காது டெஸ்ட் செய்யாம விடாதேங்கோ.

அந்த ஒன்லைன்காரரிட்ட என்ன படிப்பிப்பீங்கள் எண்டு கேளுங்கோ. கண்ணைப் பாக்க வைப்பன், கை ஆட்டுறதை நிப்பாட்டுவன் எண்டு தொடங்கினா, அதை அனுபவிச்சு வளந்த ஓட்டிசக்காரரே அது தங்களை வதைச்சது எண்டு சொல்லியிருக்கினம், அவையின்ர சொல்லை நான் நம்புறன். அப்பிடியான ஆள் காசில்லாமச் செய்தாலும் வேண்டாம்.