தேநீர்க் கடையில் காத்திருந்த அப்பாவுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

போன சனிக்கிழமை ஹட்டனில் அண்ணியும் மகனும் என் ஆலோசனை அறைக்கு வந்தார்கள். நீங்கள் எதிரே தேநீர்க் கடையிலேயே இருந்துவிட்டீர்கள். "அவருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை, மிஸ்" என்றார் அண்ணி. ஆகவே எழுதுகிறேன். இதே கவலையோடு வேறு வீடுகளும் இருப்பதால், அண்ணியின் சம்மதத்துடன், உங்கள் பெயரையும் தோட்டத்தையும் தவிர்த்துவிட்டுப் பொதுவில் எழுதுகிறேன்.

"தரம் பத்துப் படிக்கிறான். போனில் மேல்நாட்டுப் பலே நடனம் பார்த்துப் பார்த்து ஆடுகிறான். தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் பொம்பளை என்று கேலி செய்கிறார்கள். இவனை எப்படித் திருத்துவது?" இதுதான் அண்ணி கேட்டது.

நான் பதில் சொல்லாமல், அவனை ஆடிக் காட்டச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு, குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நின்றான். கெண்டைக்கால் நடுங்கியது, ஆனால் தோள் அசையவில்லை. பத்து எண்ணும் வரை நின்றுவிட்டுக் குதிகாலைச் சத்தமே இல்லாமல் இறக்கினான். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணா, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், பத்தடி லயக் காம்பராவில், தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு பழகிய பிள்ளை அவன். இதில் எதைத் திருத்தச் சொல்கிறீர்கள்?

அண்ணி இன்னொன்றும் சொன்னார். உங்கள் அப்பா பல வருடங்கள் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவராமே! மாசியில் கம்பம் நட்டதும் விரதமிருந்து, சேலை கட்டி, வளையல் போட்டு ஆடுவாராம். மதன் எரிந்த இரவில் அவர் புலம்பினால் லயமே அழுமாம். விழா முடிந்ததும் அவரே பிரட்டுக்கு, அதுதான் காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, போய், கவ்வாத்துக் கத்தியோடு மலையேறுவாராம். அவரை யாரும் பொம்பளை என்று சொன்னதாக அண்ணிக்கு நினைவில்லை. கண்டிப் பெரஹர ஊர்வலத்தில் வெஸ் என்னும் கண்டி நடன அணி பூண்டு சுழன்று வருகிறவர்களைப் பாருங்கள். அந்த அணி வழிவழியாக ஆண்களுக்கே உரியது. பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த நட்டுவனார்களும் ஆண்கள்தான். ஆண் ஆடுவது நம் மண்ணுக்குப் புதிதா?

பலேயின் கதையும் அப்படித்தான். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் 1653இல் சூரியனாக வேடமிட்டு ஆடினான். நடனத்துக்கென்று 1661இல் அரச கழகமே நிறுவினான். பாரிஸின் தொழில்முறை மேடையில் பெண்கள் ஆடத் தொடங்கியது 1681இல்தான். அதுவரை பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுனிக்கால் சப்பாத்தணிந்த நடனமங்கையர் புகழ்பெற்ற பின்புதான் இது பெண்களின் கலை என்ற எண்ணம் வேரூன்றியது. நம் நாட்டிலும் சித்ரசேன என்ற பெருங்கலைஞர் கண்டி நடனத்தை அடித்தளமாக வைத்து 1961இல் 'கரதிய' என்ற பலேயை மேடையேற்றினார். கியூபாவில் ஒரு லாரி ஓட்டுநர், தெருவில் திரிந்து கெட்டுவிடக் கூடாதென்று மகனைப் பலே பள்ளியில் சேர்த்தார். அந்த மகன் கார்லோஸ் அகோஸ்டா, பின்னாளில் லண்டன் ரோயல் பலேயின் முதன்மை நடனக் கலைஞர் ஆனார்.

கேலி செய்யும் பையன்களுக்கு இன்னொரு செய்தி. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்த ரியோ ஃபெர்டினாண்ட் சிறுவனாக இருந்தபோது உதவித்தொகை பெற்று நான்கு வருடம் பலே படித்தவர். சக நடனக்காரியைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சு வாங்குவதைக் காட்டாமல் நடப்பதற்கு எவ்வளவு முதுகுப் பலம் வேண்டும் என்பது, கொழுந்து மூட்டை சுமந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவாடை கட்டுவானோ என்ற பயமும் வேண்டாம். பலேயில் ஆண்களுக்கு வேறு உடை. நுனிக்கால் சப்பாத்தும் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடையாது.

இனிப் பிழைப்பைப் பேசுவோம். இதில் உங்கள் பயம் நியாயமானது, மறைக்க மாட்டேன். வெளிநாட்டுப் பெரிய குழுக்களில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் எட்டு, பத்து வயதில் பயிற்சி தொடங்கியவர்கள். ரஷ்யாவின் புகழ்பெற்ற பலே கலைஞர் நூரியேவ் பதினேழு வயதில்தான் லெனின்கிராட் பலே பள்ளிக்குள் நுழைந்தார். ஆனால் அதற்கு முன்பே ஊரில் ஆசிரியர்களிடம் கற்றிருந்தார். அப்படி வருகிறவர் கோடியில் ஒருவர். முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் உடல் ஓய்வு கேட்கும் தொழில் இது. கொழும்பில் பலே வகுப்புகள் உண்டு, ரோயல் அக்கடமி ஒஃப் டான்ஸ் தேர்வுகளும் நடக்கின்றன. ஆனால் வாராவாரம் ஹட்டனிலிருந்து போய்வரும் செலவை உங்கள் சம்பளத்தில் எழுதிப் பார்த்தேன், தாங்காது. தடை பணமும் தூரமும் வயதும்தான். ஆண் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

ஆகவே நான் சொல்லும் வழி இது. அவன் இப்போதே பரதம் பழகட்டும். முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி மடக்கும் அரைமண்டியும் பலேயின் பிளியேயும் நெருங்கிய உறவு. ஒன்று நிலத்தை நோக்கி இறங்கும், மற்றது வானத்தை நோக்கி எழும். அவன் உடம்பு பாதி வேலையை முடித்துவிட்டது. சாதாரண தரத் தேர்வுக்குப் பின் உயர்தரக் கலைப்பிரிவில் நடனமும் நாடகமும் அரங்கியலும் எடுக்கலாம். அங்கிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் கலைப் பீடத்துக்கும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் வழி இருக்கிறது. புள்ளிகளோடு செய்முறைத் தேர்வும் உண்டு, அங்கே இவன் பிரகாசிப்பான். பட்டம் பெற்றால் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்வியியற் கல்லூரிகளுக்கான அரச வர்த்தமானி அறிவித்தலில் நடனப் பாடம் வருகிறதா என்று ஒவ்வொரு வருடமும் நான் பார்த்துச் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: கணிதத்தையும் தமிழையும் கைவிடக் கூடாது. தவணை அறிக்கையில் கணிதம் 31. அதற்கு மட்டும் நானும் அவனைக் கண்டித்தேன்.

சிக்கல் ஒன்று இருக்கிறது. அவன் பாடசாலையில் உயர்தரத்துக்கு நடன ஆசிரியர் இல்லை. நம் மலையகத்தில் இது தீராத குறை, எனக்குத் தீராத கோபமும்கூட. பாடசாலை மாற வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

வீட்டில் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். சீமெந்துத் தரையில் அவன் குதிப்பதை நிறுத்துங்கள். கணுக்காலும் கீழ்க்காலின் முன்னெலும்பும் கெட்டுவிடும். கோயில் மண்டபத்தில் பலகை மேடை இருப்பதாக அண்ணி சொன்னார். தலைவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். அப்பா கேட்டு வாங்கிய இடத்தில் ஆடுகிற பிள்ளையைக் கேலி செய்ய லயத்துப் பையன்கள் கொஞ்சம் தயங்குவார்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தவணை அறிக்கையும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வாருங்கள். தேநீரை நானே போட்டுத் தருகிறேன், இந்த முறை உள்ளே வந்து உட்காருங்கள்.