எந்த மாத்திரை பழகும்?

வணக்கம் சார்,

வயது 38. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு மாதமாகத் தூக்கமில்லை, காரணமில்லாத படபடப்பு, எதிலும் பிடிப்பில்லை. மனநல மருத்துவர் காலைக்கு எஸ்சிடாலோபிராம் 10, இரவுக்கு குளோனசெபாம் 0.5 எழுதினார். இரவு மாத்திரை போட்டதும் நிம்மதி. காலை மாத்திரையால் பன்னிரண்டு நாளில் கண்ட பலன் குமட்டல்தான். “அதை விட்டுடு, பழகிடும்” என்கிறார் கணவர். இரவு மாத்திரையை மட்டும் தொடரலாமா? அடுத்த மாதம் பத்து நாள் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். அங்கே தெரியக்கூடாதே என்பது வேறு கவலை.

ர., நாமக்கல்

அன்புள்ள ர.,

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்தக் குழப்பத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விட வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை விடுவார்கள்.

உங்கள் சீட்டில் பழகிப்போகக்கூடியது இரவு மாத்திரை. குளோனசெபாம், அல்பிரசோலம் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். அதனாலேயே அதுதான் மருந்து என்று தோன்றும். சில வாரம் தொடர்ந்தால் உடம்பு அதைக் கேட்க ஆரம்பிக்கும், பழைய அளவு போதாது. காலை மாத்திரை பிடிக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான் வழக்கமாக அதைச் சேர்த்துக் கொடுப்பார்கள். கசங்கிப்போன பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டி வருஷக்கணக்கில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எஸ்சிடாலோபிராம் மெதுவான ஆள். மனம் தேறுவது தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்பதெல்லாம் நமக்குப் புரிவதற்காகச் சுருக்கிய கதை. உள்ளே நடப்பது அவ்வளவு எளிதில்லை. அதற்காக மருந்தே பொய் என்றாகாது. 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 522 சோதனைகளை அலசியது. பெரியவர்களின் மனச்சோர்வுக்குத் தரப்படும் 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்று அதில் தெரிந்தது. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை, சராசரியில் சுமாரான வித்தியாசம். முதல் மருந்துக்கே எல்லாருக்கும் கேட்பதும் இல்லை.

குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும், சாப்பிட்டபின் போட்டுப் பாருங்கள். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது அப்படித் தானாக அடங்காமலும் போகலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே விட்டவர்கள் உண்டு. சொன்னால் டாக்டர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். ஆனால் படபடப்பு திடீரென்று ஏறினாலோ, தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தாலும் அப்படித்தான். அவர் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காலை மாத்திரையையும் பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். ஆனால் அது போதைக்கான ஏக்கம் இல்லை. குணமானபின் ஆறு மாதமாவது தொடர்ந்து, அப்புறம் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். இரவு மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எப்போது, எப்படிக் குறைப்பது என்று அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.

சரி, மாமியார் வீடு. யாராவது கேட்டால் டாக்டர் கொடுத்தது என்றால் போதும், விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பத்து நாளுக்குப் பதினைந்து நாள் மாத்திரையாக எடுத்துப் போங்கள். அந்த ஊர் மெடிக்கலில் போய் நின்றால், கடைக்காரர் உங்கள் மாமியாருக்குச் சொந்தமாகத்தான் இருப்பார்.