தோல் பொரிய வேண்டுமென்றால் முதலில் அது வேக வேண்டும்

தோலோடு கூடிய பன்றி வயிற்றுக் கறியை ஓவனில் 200 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சுட்டிருக்கிறீர்கள். கறி நன்றாக வெந்துவிட்டது. தோல் மட்டும் நடுவில் சவசவவென்றும் ஓரங்களில் பல் இறங்காத கடினமாகவும் இருந்தது. அடுத்த முறை வெப்பத்தை இன்னும் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். கூட்டத்தான் வேண்டும், ஆனால் கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு முன்பாகத் தோலுக்கு நடந்திருக்க வேண்டிய இரண்டு காரியங்கள் நடக்கவில்லை. அதைச் சரிசெய்யாமல் வெப்பத்தை மட்டும் கூட்டினால் கருகிய தோல்தான் கிடைக்கும்.

நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சவசவவென்று இருந்த இடத்தில் தண்ணீர் போகவில்லை. கடினமாக இருந்த இடத்தில் தண்ணீர் காலத்துக்கு முன்பே போய்விட்டது. ஒரே துண்டில் இரண்டும் வந்திருப்பதால் கறி ஓவனுக்குள் சமமாக உட்காரவில்லை என்பதும் தெரிகிறது.

பன்றித் தோலில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். பச்சையாக இருக்கும்போது அது முறுக்கிய நார்; எவ்வளவு வறுத்தாலும் மெல்ல வராது. ஈரத்தோடு சேர்ந்து 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் சூடாக இருந்தால் அந்த நார் அவிழ்ந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஜெலட்டினாக மாறிய தோல்தான் நெகிழும், நெகிழ்ந்த தோல்தான் உப்பும். பிறகு அதிலுள்ள ஈரத்தில் பெரும்பகுதியை வெளியேற்ற வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரம் கடும் வெப்பத்தில் ஆவியாகித் தோலை உள்ளிருந்து ஊதுகிறது. ஊதிய நிலையிலேயே தோல் உலர்ந்து இறுகிவிடுகிறது. சோளப்பொரியும் இப்படித்தான் பொரிகிறது: மணிக்குள் அளவான ஈரம் இருந்தால்தான் பொரியும், நனைந்த சோளமும் பொரியாது, காய்ந்து வற்றிய சோளமும் பொரியாது. ஆக வரிசை இது: முதலில் வேக வேண்டும், பிறகு உலர வேண்டும், கடைசியில் பொரிய வேண்டும். சமையல் குறிப்புகள் பலவும் மூன்றாவதை மட்டும் விரிவாகச் சொல்லி முதல் இரண்டை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதில்தான் வருத்தம்.

கறி வாங்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்கும் துண்டாகக் கேளுங்கள். 1 கிலோ முதல் 1.5 கிலோ வரை எடை, 4 சென்டிமீட்டர் கனம் என்றால் வேலை எளிது. கொழுப்பும் கறியும் மாறிமாறி அடுக்காக இருக்க வேண்டும். தோலில் கீறல், வெட்டு இருந்தால் வேண்டாம். அந்த வழியாகச் சாறு மேலே வந்து தோலை நனைக்கும். முடி ஒட்டியிருந்தால் புது ரேஸரால் மழித்துவிடலாம். உறைந்த கறியாக இருந்தால் ஃபிரிட்ஜிலேயே வைத்து உருக விடுங்கள். உருகிய கறி கூடுதலாக நீர் விடும், அதனால் உலர்த்தும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுடுவதற்கு முந்தைய நாளே வேலையைத் தொடங்குங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கறியைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி இறக்கி 10 நிமிடம் வைத்திருங்கள். கறி முழுவதும் மூழ்க வேண்டியதில்லை, தோல் மூழ்கினால் போதும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; நான் விடுவதே இல்லை. தோல் வேகத் தொடங்குவது இங்கேதான். தோல் நெகிழ்ந்துவிடுவதால் அடுத்துக் குத்துகிற வேலையும் பாதியாகக் குறைகிறது. பச்சைத் தோலில் ஊசி இறக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எடுத்து ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தோல் முழுக்க ஊசியால் குத்துங்கள். கூர்மையான கபாப் கம்பிகள் நான்கைந்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டால் வேலை விரைவாக நடக்கும். சாப்பிடும் முட்கரண்டி இதற்கு உதவாது. அதன் முனை மழுங்கல், துளையைவிடப் பெரிய கிழிசலைத்தான் உண்டாக்கும். துளைகள் நெருக்கமாக, இடைவெளி தெரியாத அளவுக்கு இருக்க வேண்டும். ஆழம்தான் முக்கியம்: தோலைத் தாண்டிக் கொழுப்பின் மேற்பகுதியைத் தொட்டால் போதும். கறி வரைக்கும் இறங்கிய துளை வழியாக இறைச்சிச் சாறு மேலே பொங்கும். அது வந்த இடம் பொரியாது, சாறு காய்ந்து கருகிய திட்டாக நிற்கும். துளைகள் சரியாக அமைந்தால் கீழிருக்கும் கொழுப்பு உருகி அவற்றின் வழியே மேலே கசிந்து, தோலை அதன் சொந்தக் கொழுப்பிலேயே பொரிக்கும். நீராவிக்கும் ஆயிரம் சின்ன வழிகள் கிடைப்பதால் பெரிய கொப்புளம் எழாமல் நுண்ணிய குமிழ்களாகப் பரவும். பொறுமையாகக் கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். மொத்தச் சமையலிலும் கையால் செய்யும் கடினமான வேலை இது ஒன்றுதான்.

மசாலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறிப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீளவாக்கில் கீறி, கிலோவுக்கு 10 கிராம் உப்பும் மிளகும் உங்களுக்குப் பிடித்த பொடிகளும் தேய்த்துவிடுங்கள். தோலில் மசாலா ஒரு துளியும் படக் கூடாது. சர்க்கரையோ பூண்டோ சாஸோ தோலில் பட்டிருந்தால் அது பொரிவதற்கு வெகு முன்பே கரியாகிவிடும்.

அடுத்தது உலர்த்துவது. தோலைத் துணியாலோ தாளாலோ நன்றாக ஒற்றி எடுத்து, மெல்லிய உப்பைத் தூவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்து ஓர் இரவு விடுங்கள். 24 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜுக்குள் ஓடும் குளிர்ந்த காற்று உலர்ந்த காற்று. தோலின் ஈரத்தை அது மெதுவாக, சமமாக எடுத்துவிடும். பச்சைக் கறி திறந்திருப்பதால் கீழ்த்தட்டிலேயே வையுங்கள்; அப்படியே சாப்பிடும் பொருள் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மறுநாள் தொட்டுப் பார்த்தால் தோல் ஒட்டாமல், வழவழப்பாக, லேசான கண்ணாடித் தன்மையோடு இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள்.

வினிகர் தடவலாமா, சமையல் சோடா தேய்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வினிகரைத் தடவாமலும் தோல் நன்றாகப் பொரியும். உலர்த்தாத தோலை எந்த வினிகரும் காப்பாற்றாது. மணத்துக்காகத் தடவினால் மெல்லிய பூச்சாகத் தடவி அதையும் காயவிடுங்கள். சோடா காரத்தன்மை உடையது. அதனால் தோல் சீக்கிரம் சிவக்கும். ஆனால் கொஞ்சம் கூடினாலும் சோப்புச் சுவை வந்துவிடும். நன்றாக உலர்ந்த தோலுக்கு அது தேவைப்படாது என்பதால் நான் சேர்ப்பதில்லை.

மறுநாள் சுடுவதை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 180 டிகிரி. இரட்டை அலுமினியம் ஃபாயிலில் கறியைச் சுற்றி நான்கு பக்கமும் விளிம்பு எழுப்பி, தோல் மட்டும் மேலே தெரியும்படி ஒரு தொட்டி செய்யுங்கள். தோலில் தூவியிருந்த உப்பைத் துடைத்துவிட்டு, கல் உப்பை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேலே பரப்புங்கள். 1 கிலோ கறிக்குச் சுமார் 200 முதல் 250 கிராம் உப்பு ஆகும். தூள் உப்பு வேண்டாம். அது கரைந்து தோலுக்குள் இறங்கி வாயில் வைக்க முடியாமல் செய்துவிடும். இந்த உப்பு மூடி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கீழிருந்து வரும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கூடவே சூடான காற்று நேரடியாகத் தாக்கித் தோலை அவசரமாகக் காய்த்துவிடாமலும் காக்கிறது. தோல் தன் சொந்த ஈரத்தில் நிதானமாக வேகும். உங்கள் கறியின் ஓரங்கள் கடினமானதற்குக் காரணம் இந்தக் காப்பு இல்லாததுதான். 1 மணி நேரம் வைத்து எடுங்கள். கனமான துண்டானால் 75 முதல் 80 நிமிடம்.

வெளியே எடுத்து இறுகிய உப்பைப் பாளமாகப் பெயர்த்தெடுங்கள். ஒட்டியிருக்கும் துகள்களை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஃபாயிலையும் அதில் தேங்கிய சாற்றையும் அகற்றுங்கள். இனி கறி கம்பித் தட்டின் மேல் உட்கார வேண்டும். இங்கே குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். தோலின் மேற்பரப்பு மட்டமாக இருக்கிறதா? வயிற்றுக் கறி வெந்ததும் வளைந்துகொள்ளும். நடுப்பகுதி பள்ளமானால் உருகிய கொழுப்பு அங்கே தேங்கும், மேடான ஓரம் வெப்பத்துக்கு நெருங்கும். பள்ளமான இடத்துக்குக் கீழே ஃபாயிலை உருட்டி முட்டுக் கொடுங்கள். மிகவும் வளைகிற துண்டானால் கறிப் பகுதியில் குறுக்காக இரண்டு உலோகக் கம்பிகளைச் செருகிவிட்டால் நேராக நிற்கும். நீங்கள் சொன்ன நடுப்பகுதிச் சவசவப்பு பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது ஓவனை 240 டிகிரிக்கு ஏற்றி, அந்தச் சூடு முழுமையாக வந்த பிறகே கறியை நடுத்தட்டில் வையுங்கள். மின்விசிறி உள்ள ஓவனில் 220 போதும். வீட்டு ஓவன்களில் முகப்பில் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் இருப்பது சகஜம், அதனால் உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது நல்ல செலவு. ஐந்து, பத்து நிமிடத்தில் ஓரங்களில் சின்னக் குமிழ்கள் எழும். பிறகு படபடவென்ற சத்தம் கேட்கும். 20 முதல் 30 நிமிடத்தில் குமிழ்கள் மேற்பரப்பு முழுவதும் பரவிவிட வேண்டும். இந்த நேரத்தில் சமையலறையை விட்டு நகராதீர்கள். ஓரிடம் பொரிந்து முடிந்து மற்றோரிடம் தட்டையாகவே இருந்தால், பொரிந்த இடத்தை ஃபாயில் துண்டால் மூடிவிட்டு மற்ற இடத்தைத் தொடருங்கள். கரண்டியின் பின்புறத்தால் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வர வேண்டும். மந்தமான சத்தம் வரும் இடத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. மேலிருந்து சுடும் கிரில்லைக் கடைசி சில நிமிடங்களுக்கு மட்டும், 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துப் பயன்படுத்துங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் கருக்கிவிடும் வெப்பம் அது. எங்காவது கருகிவிட்டால் பதற வேண்டாம். ரொட்டி வெட்டும் பல் கத்தியால் மெதுவாகச் சுரண்டினால் மேல்கரி உதிர்ந்து கீழே பொன்னிறமான தோல் தெரியும்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பு சூடான டிரேயில் விழுந்து புகையும். அதனால் இரண்டாம் கட்டத்துக்குச் சுத்தமான டிரேயைக் கீழே வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை எழுந்தால் டிரேயில் தண்ணீர் ஊற்றி அடக்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். கொதிக்கும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் வெடித்துத் தெறிக்கும்; தீப்பற்றவும் கூடும். டிரேயை மாற்றுவது ஒன்றே சரியான வழி.

உள்ளே கறி வெந்ததா என்ற கவலை இந்த முறையில் வராது. முழுத் துண்டுப் பன்றிக் கறிக்கு 63 டிகிரி உள் வெப்பமும் 3 நிமிட ஓய்வும் பாதுகாப்பான அளவு. ஆனால் வயிற்றுக் கறி அந்த அளவில் சுவைக்காது, கொழுப்பு இளகாமல் திரளாக நிற்கும். 85 டிகிரியைத் தாண்டினால்தான் அது வாயில் கரையும். இந்த முறை அங்கே கொண்டுசேர்த்துவிடும்.

எடுத்ததும் 10, 15 நிமிடம் ஆறவிடுங்கள், ஆனால் மூடாதீர்கள். ஃபாயிலால் மூடினால் அடியிலிருந்து எழும் ஆவி, இரண்டு நாள் உழைப்பைச் சில நிமிடங்களில் நனைத்துவிடும். வெட்டும்போது தோல் பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, கறியிலிருந்து தொடங்கி, தோலை அடைந்ததும் கனமான கத்தியை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தோல் மேலே இருக்க அறுத்தால் அது நொறுங்கிச் சிதறும், கொழுப்பும் பிதுங்கி நழுவும்.

ஏர் ஃபிரையர் மட்டுமே இருப்பவர்களும் இதைச் செய்யலாம். உள்ளே காற்று வேகமாகச் சுழல்வதால் இரண்டாம் கட்டத்துக்கு அது மிகப் பொருத்தம். 200 டிகிரியே போதும். துண்டு மட்டும் கூடைக்குள் இடைவெளியோடு அடங்கும் அளவில் இருக்க வேண்டும். குத்துவதற்குப் பதில் தோலைக் கத்தியால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறிச் சுடும் முறையும் நல்ல முறைதான். அதில் தோல் கனத்த பட்டைகளாகப் பொரியும். குத்திய தோலில் கிடைக்கும் நுண்ணிய நொறுங்கல் அதில் கிடைக்காது என்பதால் நான் குத்துவதையே விரும்புகிறேன்.

மீந்த துண்டுகளைச் சுட வைக்க மைக்ரோவேவ் வேண்டாம். 200 டிகிரியில் ஓவனிலோ ஏர் ஃபிரையரிலோ தோல் மேலே இருக்கும்படி 8 முதல் 10 நிமிடம் வைத்தால் தோல் மறுபடியும் இறுகிவிடும். ஃபிரிட்ஜில் வைக்கும்போது டப்பாவின் மூடியை ஆறிய பிறகே போடுங்கள். அதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடவும் வேண்டாம்.