செப்டம்பர் 11, ஸ்காட்லாந்து, 700 வருஷ இடைவெளி: கேள்வி பதில்

1297ல ஸ்காட்லாந்துக்காரங்க இங்கிலாந்து படையை ஜெயிச்ச ஸ்டெர்லிங் பாலச் சண்டை, 1997ல ஸ்காட்லாந்துக்குத் தனி பார்லிமென்ட்டுக்கான வாக்கெடுப்பு, ரெண்டுமே செப்டம்பர் 11. இதப் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கெல்லாம் பதில் கீழ.

அண்ணா, அவ்ளோ பெரிய இங்கிலாந்து படை எப்படி தோத்துச்சு?
பாலத்தாலதான் தம்பி. ஃபோர்த் ஆத்து மேல குறுகலான மரப்பாலம், குதிரைக்காரங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் போக முடியும், தாண்டினா சேத்து நிலம். ஸ்காட்லாந்து தளபதிகள் வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் ஆபி கிரெய்க் குன்றுல பொறுமையா காத்திருந்து, ஒரு பகுதிப் படை தாண்டினதும் இறங்கி வந்து பாலத்து முனையை மடக்கிட்டாங்க, தாண்டினவன் திரும்ப முடியல, இந்தப் பக்கம் நின்ன இங்கிலாந்து தளபதி சர்ரே பிரபுவால உதவிக்கு ஆள் அனுப்பவும் முடியல. இத்தனைக்கும் இங்கிலாந்து பக்கம் இருந்த ரிச்சர்ட் லண்டின்னு ஒரு வீரர், பக்கத்துலயே ஆழமில்லாத துறை இருக்கு, ஒரே நேரத்துல 60 பேர் இறங்கலாம், நான் சுத்திப் போய் பின்னாடி அடிக்கிறேன்னு சொல்லியும் யாரும் கேக்கல. செலவு ஏறுதுன்னு அவசரப்படுத்தின இங்கிலாந்து தரப்பு பொருளாளர் கிரெஸ்ஸிங்ஹாம் அங்கேயே செத்தார்.

வாலஸ் கதையை வச்சு வந்த மெல் கிப்சனோட 'பிரேவ்ஹார்ட்' படத்துல பாலமே வரலையே?
ஆமா, வரல. அதவிட எனக்கு வருத்தம் மோரேயும் வரலங்கறதுதான். வடக்குல கிளர்ச்சியை நடத்தினவரு அவரு, வாலஸுக்கு சமமான தளபதி. சண்டையில காயம்பட்டு கொஞ்ச நாள்ல இறந்துட்டதா சொல்றாங்க. அக்டோபர் 11ல ஜெர்மன் ஊர்களான லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு, நாடு மீண்டிருச்சு, பயமில்லாம வியாபாரத்துக்கு வாங்கன்னு ஒரு கடிதம் போச்சு, அதுல மோரே பேருதான் முதல்ல, வாலஸ் பேரு அடுத்து. ஜெயிச்ச கையோட வியாபாரத்தைப் பத்தி யோசிச்சாங்க பாருங்க, அதுக்காகவே இவங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த வருஷமே தோத்தாங்களே சார்?
1298 ஜூலை 22, ஃபால்கிர்க். இங்கிலாந்து அரசர் எட்வர்டே நேர்ல வந்தார். வாலஸை 1305ல லண்டன்ல கொன்னாங்க.

1297ல பழைய காலண்டர் தானே, அப்போ தேதி ஒத்து வருமா?
நல்ல கேள்வி. இப்போ இருக்கற காலண்டர் கணக்குல அது செப்டம்பர் 18. ஆனா அந்தக் காலத்து ஆவணத்துல இருக்கற தேதியத்தான் எல்லாரும் அப்படியே வச்சுக்கறாங்க.

1997ல என்ன கேட்டு ஓட்டு போட்டாங்க?
ரெண்டு கேள்வி. பார்லிமென்ட் வேணுமா? 74.3 சதவீதம் ஆமா. அதுக்கு வரியை கூட்டிக் குறைக்கற அதிகாரம் வேணுமா? 63.5 சதவீதம் ஆமா. டயானா இறந்ததால பிரசாரத்தையே நிறுத்தி வச்சு, இறுதிச் சடங்கு முடிஞ்ச பிறகு மிஞ்சின நாலைஞ்சு நாள்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க, அப்படியும் இந்த முடிவு.

அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லையா அக்கா? (என்னை அண்ணான்னே கூப்பிடலாம்)
1979ல கேட்டாங்க. 51.6 சதவீதம் ஆமான்னு போட்டும் நடக்கல, ஏன்னா மொத்த வாக்காளர்கள்ல 40 சதவீதம் பேராவது ஆமா சொல்லணும்னு ஒரு நிபந்தனை, கிடைச்சது 33 சதவீதத்துக்கிட்டதான். ஓட்டு போடாம வீட்ல இருந்தவனும் வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு, அது பெரிய அநியாயம்னுதான் சொல்வேன். 1997ல அந்த நிபந்தனை இல்ல. 1707ல மூடின பார்லிமென்ட் 1999 மே 12ல கூடுச்சு.

அந்தப் பாலம் இன்னும் இருக்கா?
இல்ல. இப்போ ஸ்டெர்லிங்ல பார்க்கற பழைய கல்பாலம் பின்னாடி கட்டினது, மரப்பாலம் அதுக்குக் கொஞ்சம் மேல, ஆத்தோட வரத்துப் பக்கம் இருந்துச்சு. ஆபி கிரெய்க் மேல 1869ல கட்டி முடிச்ச வாலஸ் கோபுரம் இருக்கு, ஏறிப் பாருங்க, ஆறு வளைஞ்சு போறதப் பார்த்தாலே ஏன் அங்க காத்திருந்தாங்கன்னு புரிஞ்சிடும்.