ஜெர்மனியில் விடுதிச் சுவரில் பூஞ்சை, பக்கத்து அறையில் சத்தம்: பாதியில் காலி செய்யலாமா?

கேள்வி: ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவனாக அக்டோபரில் ஜெர்மனி வந்தேன். ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நலச் சேவை அமைப்பின் விடுதியில் தனி அறை. ஒப்பந்தம் மார்ச் 31 வரை. நவம்பர் கடைசியிலிருந்து ஜன்னல் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சை படிகிறது. ஹவுஸ்மைஸ்டரிடம், அதாவது கட்டடப் பராமரிப்பாளரிடம், இரண்டு முறை நேரில் சொன்னேன். "ஜன்னலைத் திறந்து வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து அறையில் நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம். பொதுச் சமையலறையில் நான் தாளித்தால் ஒருவர் முகம் சுளிக்கிறார். டிசம்பரிலேயே காலி செய்துவிட்டு வெளியே அறை பார்க்கலாமா? டெபாசிட் போய்விடுமா?

பதில்: இப்போதைக்குக் காலி செய்யாதீர்கள். மூன்று பிரச்சினைகளில் பூஞ்சைதான் அவசரமானது, உங்கள் உடம்புக்கும் டெபாசிட்டுக்கும். அதை முதலில் பார்ப்போம்.

ஹவுஸ்மைஸ்டரிடம் நேரில் சொன்னது நல்லதுதான். ஆனால் நாளை ஒரு தகராறு வந்தால் அவர் "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று சொல்லிவிட முடியும். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 536சி பிரிவின்படி, அறையில் குறை தெரிந்தால் வாடகைதாரர் உடனே வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததால் சேதம் பெரிதானால் இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். ஆகவே இன்றே விடுதி நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜெர்மானியர்கள் இதை 'மேங்கல்அன்ஸைகே' என்பார்கள், குறை அறிவிப்பு. அறை எண், பூஞ்சை எங்கே, எப்போதிலிருந்து, ஹவுஸ்மைஸ்டரிடம் சொன்ன தேதிகள், புகைப்படங்கள், இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யக் கேட்கும் ஒரு குறிப்பிட்ட தேதி. இவ்வளவு போதும். மொழிபெயர்ப்புக் கருவியில் எழுதினாலும் பரவாயில்லை, ஜெர்மனில் எழுதுங்கள். இணையதளப் படிவம் வழியாகத்தான் புகார் தர வேண்டும் என்றால், அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து, பூஞ்சை ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழியை யார் மேல் போடுவது என்பதே இதில்தான் இருக்கிறது. சமையல், குளியல், அறைக்குள் காயப்போட்ட துணி, தூங்கும்போது விடும் மூச்சு எல்லாவற்றிலிருந்தும் ஈரம் காற்றில் சேர்கிறது. குளிர்காலத்தில் வெளிச்சுவர் சில்லென்று இருப்பதால் அந்த ஈரம் அங்கே போய்ப் படிகிறது. ஜன்னல் மூலையும் அலமாரியின் பின்புறமும் காற்றோட்டம் இல்லாத இடங்கள் என்பதால் அங்கே முதலில் தொடங்குகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் ஜன்னலை நாள் முழுக்கச் சாய்வாகத் திறந்து வைத்தால் சுவர்தான் மேலும் குளிரும். அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டரைக் குறையுங்கள், ஆனால் வெளியே போகும்போதுகூட அதை முழுசாக அணைத்துவிடாதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி, ஹைக்ரோமீட்டர், பத்து யூரோ அளவில் கிடைக்கும். கட்டாயம் வாங்குங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. காலை மாலை அளவைக் குறித்து வையுங்கள். நீங்கள் ஒழுங்காகக் காற்றோட்டம் விட்டும் அளவு சரியாக இருந்தும் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால், கட்டடத்தில்தான் கோளாறு என்று பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். மழைக்குப் பிறகு கறை பெரிதாகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் கசிவாக இருக்கலாம். சிறிய திட்டாக இருந்தால், புகைப்படம் எடுத்துப் புகார் அனுப்பிய பிறகு, 70 முதல் 80 சதவீத ஆல்கஹால் கொண்டு கையுறையோடு துடைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தீ எதுவும் இருக்கக் கூடாது. மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். இருமலோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகையைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 536ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருவது உண்மைதான். ஆனாலும் நீங்களாகவே பணத்தைப் பிடித்துக்கொள்வதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பூஞ்சைக்கு நீங்கள்தான் காரணம் என்று முடிவானால் அது வாடகை பாக்கியாகிவிடும். பாக்கி இரண்டு மாத வாடகையை எட்டினால் ஒப்பந்தத்தை உடனடியாக முறிக்கவும் நிர்வாகத்துக்கு வழியுண்டு. முழு வாடகையைக் கட்டுங்கள். கூடவே 'உன்டர் ஃபோர்பெஹால்ட்' என்று எழுதித் தெரிவியுங்கள். குறைப்பைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்பதே அதன் பொருள். மேற்கொண்டு எவ்வளவு கேட்கலாம் என்பதைச் சட்ட ஆலோசகர் சொல்லட்டும். பல பல்கலைக்கழகங்களில் 'அஸ்டா' என்ற மாணவர் பேரவை இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது. கூச்சப்படாமல் போங்கள்.

சரி, காலி செய்யும் விஷயம். காலவரையறை உள்ள ஒப்பந்தத்தை இடையில் முறிக்கப் பொதுவாக முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாலும் மார்ச் வரை வாடகை ஓடும். பூஞ்சை உடல்நலத்துக்கு உண்மையில் ஆபத்து என்றால் முன்கூட்டி முறிக்க 569ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் அதற்கும் முதலில் கெடு கொடுத்து எழுதியிருக்க வேண்டும். மேலே சொன்ன மின்னஞ்சல் அதற்கும் உதவும். அதைவிட எளிய வழி, அதே ஸ்டூடியரெண்டன்வெர்க்கில் வேறு அறை கேட்பது. பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸையும் சேர்த்து எழுதுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அறைகள் பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் நகரும். உங்களுக்குப் பதில் வேறு மாணவரைக் கொண்டுவரவோ உள்வாடகைக்கு விடவோ முடியுமா என்றும் கேட்கலாம். எழுத்தில் அனுமதி வாங்காமல் யாரையும் அறையில் வைக்காதீர்கள்.

வெளியே அறை தேடினால், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பு, சாவி தபாலில் வரும்" என்பவரிடம் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். அறை தேடும் பதற்றத்தில் இருக்கும் மாணவர்களைக் குறிவைத்தே இந்த ஏமாற்று நடக்கிறது. வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் புதிய முகவரியைப் பதிவு செய்யவும் வேண்டும்.

சத்தத்துக்கு: பெரும்பாலான விடுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். முதலில் பகலில் கதவைத் தட்டிப் பேசுங்கள். பலர் சுவர் இவ்வளவு மெல்லியது என்று தெரியாமலேதான் பாட்டு போடுகிறார்கள். பயனில்லை என்றால் தேதி, நேரம், என்ன சத்தம் என்று குறித்து, விடுதி டியூட்டர் (விடுதி மாணவர்களுக்கு உதவும் பொறுப்பில் இருப்பவர்) இருந்தால் அவரிடமும் பிறகு நிர்வாகத்திடமும் கொடுங்கள்.

தாளிப்பை யாரும் தடைசெய்ய முடியாது. புகைபோக்கியை முன்னதாகவே போட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து, தாழ்வாரக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். புகை தாழ்வாரத்துக்குப் போய் அங்குள்ள அலாரம் அடித்தால் தீயணைப்புப் படையே வந்துவிடலாம், அதன் செலவை உங்களிடம் கேட்கவும் கூடும். புகை உணரியை ஒருபோதும் கழற்றவோ மூடவோ வேண்டாம். முகம் சுளிப்பது வசையாக மாறினால் அது வேறு விஷயம். பல்கலைக்கழகத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள்.

டெபாசிட்: மார்ச்சில் காலி செய்யும்போது சாவி ஒப்படைப்புப் பதிவேட்டில் சுவரின் நிலை எப்படி எழுதப்படுகிறது என்று படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லாத வரி இருந்தால் பக்கத்திலேயே ஆட்சேபம் எழுதுங்கள். எழுதவிடவில்லை என்றால் கையெழுத்துப் போடத் தேவையில்லை. பணம் உடனே கையில் வராது, பல இடங்களில் சில மாதங்கள் ஆகும். இங்கேதான் பரிமாற்ற மாணவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். டெபாசிட் வந்து சேரும் வரை அந்தக் கணக்கை வைத்திருங்கள், நிர்வாகத்திடம் ஊர் முகவரியும் மின்னஞ்சலும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.